ஆர்டிகிள்ஸ் கெடைக்கலன்னு மெயில் வந்துச்சு, ஏன்னு திரும்பக் கேக்கலாமா?

தென்னாப்பிரிக்காவுல, டர்பன் மெரிபேங்க்லேருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. ஹோவர்ட் காலேஜ்ல எல்எல்பி முடிச்சாச்சு, ஆர்டிகிள்ஸ்க்கு (அட்டர்னி ஆகறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல் ஃபெர்ம்ல பண்ற பயிற்சி) 23 எடத்துல அப்ளை பண்ணியிருக்கா, 3 எடத்துல கூப்பிட்டாங்க, அதுல கடைசியா உம்ஷ்லாங்கா பக்கம் ஒரு ஃபெர்ம்ல ரெண்டாவது ரவுண்டு வரைக்கும் போயிட்டு வந்து, நிச்சயம் கெடைச்சிரும்னு வீட்ல எல்லாரும் நெனச்சிக்கிட்டிருக்கும்போது ரெண்டே வரியில ஒரு மெயில், வருத்தத்தோட தெரிவிச்சுக்கறோம்னு. அம்மா என்ன சொல்றாங்கன்னா, வேணாம்னு சொன்னவங்க வாசல்ல போயி ஏன் வேணாம்னு கேக்கறது நமக்கு மானக்கேடு, விட்ருன்னு. மாமா அதுக்கு நேர் எதிரு, நீ வக்கீலுக்குத்தான படிச்ச, தகவல் கேட்டு வாங்கற பாயா சட்டத்துல ஃபாரம் போட்டு அவங்க மார்க் போட்ட ஷீட்டையே கையில வாங்குன்னு. இவ கேக்கறா, அக்கா யாரு சொல்றது சரி, கேட்டா என்னப் பத்தி தப்பா நெனப்பாங்களா, பதில் வந்தா அத வெச்சு என்ன பண்றதுன்னு.

கேளுமா. தாராளமா கேளு. ஆனா மாமா சொல்ற மாதிரி கேக்காத, அதுக்கு வேற நேரம் இருக்கு, கீழ சொல்றேன்.

நான் யாருன்னு ஒரு வரி: சாட்ஸ்வர்த்ல பொறந்து வளந்தவ, கட்டிக்கிட்டது மதுரைக்காரர, அதனாலதான் இந்தத் தமிழ். 20 வருஷத்துக்கு மேல அட்டர்னி, அதுல பாதிக்கு மேல ஆர்டிகிள்ஸ்க்கு ஆள் எடுக்கற பேனல்லயும் ஒக்காந்திருக்கேன், அதனால மேஜைக்கு ரெண்டு பக்கமும் தெரியும்.

மொதல்ல உன் கணக்கப் பாரு. 23ல 20 எடம் உன்னைக் கூப்பிடவே இல்ல. நீ அழறது அந்த உம்ஷ்லாங்கா ஃபெர்முக்காக, ஆனா உன் பெரிய ஓட்டை இந்த 20ல இருக்கு. இந்த 20 பேருகிட்டயும் ஃபீட்பேக் கேட்டு மெயில் போடாத, ஒருத்தருக்கும் உன்னை ஞாபகம் இருக்காது, ஏன்னா உன் சிவிய யாரோ ஒருத்தர் டீ குடிச்சுக்கிட்டே ஒரு நிமிஷத்துக்கும் கம்மியா பாத்துட்டு எடது பக்கக் கட்டுல போட்டிருப்பாங்க. ரெண்டு எடத்துக்கு நூத்துக்கணக்குல வரும்போது மொத சுத்துல யாரும் ஆளத் தேடறதில்ல, தள்றதுக்குக் காரணம்தான் தேடுவாங்க. டிரான்ஸ்க்ரிப்ட் முழுசா இல்ல, தள்ளு. கவரிங் லெட்டர்ல வேற ஃபெர்ம் பேரு இருக்கு, தள்ளு (சிரிக்காத, இது ஒவ்வொரு வருஷமும் நடக்குது, அதுவும் நல்ல மார்க் வாங்குன புள்ளைங்கதான் பண்ணுதுங்க, ஒரே நாள்ல பத்து அனுப்புனா அப்படித்தான் ஆகும்). விளம்பரத்துல ட்ரைவிங் லைசன்ஸ் கேட்டிருக்கு, சிவில அதப் பத்தி ஒரு வார்த்த இல்ல, தள்ளு. ஆர்டிகிள்ஸ் பண்ற பசங்க காலையில வெருலம் கோர்ட்டு, மத்தியானம் செத்தவங்க சொத்து விவகாரம் பாக்கற மாஸ்டர்ஸ் ஆஃபீஸ், சாயந்தரம் பத்திரம் பதியற டீட்ஸ் ஆஃபீஸ்க்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க்னு ஓடணும், டாக்ஸி புடிச்சு ஓட முடியாதுங்கறது அவங்க நியாயம். எனக்கு அந்தக் கண்டிஷன் புடிக்காது, கார் இருக்கற வீட்டுப் புள்ளைக்குத்தான் சட்டம்னு ஆயிடுது, ஆனா எனக்குப் புடிக்காதுங்கறதால அது விளம்பரத்துலேருந்து போயிடல.

அதனால அந்த 20க்கான ஃபீட்பேக்க வேற எடத்துல வாங்கணும். ரெண்டாவது வருஷம் ஆர்டிகிள்ஸ் பண்ற உன் சீனியர் ரெண்டு பேரப் புடி. உன் சிவிய கையில குடுத்து ஒரு நிமிஷம் கழிச்சு பேப்பரப் புடுங்கிடு, புடுங்கிட்டு, "இப்ப என்ன ஞாபகம் இருக்கு, சொல்லு"ன்னு கேளு. அவங்க சொல்றதுதான் உன் சிவி, நீ எழுதி வெச்சது இல்ல. என் பக்கத்து வீட்டுப் பையன் இப்படிப் பண்ணப்போ ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது அவன் ஸ்கூல்ல ப்ரிஃபெக்டா இருந்ததுதான். யுனிவர்சிட்டி லா கிளினிக்ல ஒரு வருஷம் வாடகைத் தகராறு கேஸெல்லாம் பாத்தவன், அது ரெண்டாவது பக்கத்துல அடியில கெடக்குது.

இப்ப அந்த உம்ஷ்லாங்கா விஷயத்துக்கு வரேன். ரெண்டாவது ரவுண்டு வரைக்கும் போயிருக்க, அப்ப உன் முகம், உன் பேரு, நீ சொன்ன ரெண்டு மூணு பதில் அந்த ரூம்ல இருந்தவங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். இங்கதான் ஃபீட்பேக் கேக்கறதுல அர்த்தமே இருக்கு. கடைசி சுத்துல ரூம்ல என்ன நடக்கும்னு சொல்றேன். அஞ்சாறு தலைப்பு போட்ட ஒரு ஷீட் இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் 1லேருந்து 5 வரைக்கும் போடுவாங்க, கூட்டிப் பாத்தா கடைசி நாலு பேருக்கும் ஒண்ணு ரெண்டுதான் வித்தியாசம் வரும். அப்புறம் யாராவது ஒரு பார்ட்னர், "அந்தப் புள்ள நம்ம ஃபெர்ம் என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சு வந்திருக்கு"ன்னு சொல்வாரு, இன்னொருத்தர், "இவன் ஜூலை லீவுல நம்மகிட்ட வேக் வொர்க் பண்ணானே, ஃபைல் எங்க இருக்குன்னு சொல்லிக்குடுக்க வேணாம்"ன்னு சொல்வாரு, அத்தோட முடிஞ்சிரும். இதுல நீ தோத்தேன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல பல நேரத்துல. ஆனா சில நேரம் இருக்கும், ஒரே ஒரு பதில்ல எல்லாரும் பேனாவக் கீழ வெச்சிருப்பாங்க. அது எந்தப் பதில்னு உனக்குத் தெரியாது, அவங்களுக்குத் தெரியும். அந்த ஒண்ண வெளிய எடுக்கறதுக்குத்தான் நீ கேக்கணும்.

அதனால "என்ன ஏன் எடுக்கல"ன்னு கேக்காத. அந்தக் கேள்விக்கு பதில் சொல்ல எந்த எச்சாரும் (ஃபெர்ம்ல ஆள் விவகாரம் பாக்கறவங்க) விரும்பமாட்டாங்க. எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி சட்டம்னு 1998ல வந்தது, அதுல வேலைக்கு அப்ளை பண்றவங்களுக்கும் பாரபட்சத்துக்கு எதிரா பாதுகாப்பு இருக்கு, இனம், பால், கர்ப்பம், மதம், மொழின்னு பட்டியல்ல இருக்கற காரணத்துல பாரபட்சம்னு ஒருத்தர் சொன்னா அப்படி நடக்கலன்னு நிரூபிக்க வேண்டியது கம்பெனிதான். அப்ப எச்சார் என்ன நெனப்பாங்க, நாம எழுதற ஒவ்வொரு வரியும் நாளைக்கு வேலைத் தகராறு பாக்கற சிசிஎம்ஏல எக்ஸிபிட் ஆயிரும்னு. அதனாலதான் உனக்கு வந்த மெயில் ரெண்டு வரி. அது உன் மேல கோவமோ அலட்சியமோ இல்ல, பயம்.

கேக்க வேண்டியது இப்படி (இங்கிலீஷ்ல போடு, சாரம் இதுதான்): நேரம் ஒதுக்கி என்ன இன்டர்வியூ பண்ணதுக்கு நன்றி. உங்க முடிவ ஏத்துக்கறேன், அதப் பத்தி கேக்கல. அடுத்த அப்ளிகேஷனுக்கு நான் தயாராகணும், அதுக்கு ஒண்ணு மட்டும் சொன்னா உதவியா இருக்கும், லெட்டர் ஆஃப் டிமாண்ட் (பணத்தக் கட்டுன்னு அனுப்பற வக்கீல் நோட்டீஸ்) எழுதச் சொன்ன டெஸ்ட்லயோ இன்டர்வியூலயோ எந்த எடத்துல என் பதில் உங்க எதிர்பார்ப்புக்கு கீழ இருந்துச்சு? எழுத நேரமில்லன்னா பத்து நிமிஷம் ஃபோன்ல பேச முடியுமா? அவ்வளவுதான். அஞ்சாறு வரிக்கு மேல போகாத. உன் கஷ்டம், அப்பா ரிட்டயர் ஆனது, எதுவும் எழுதாத, படிக்கறவங்களுக்கு குற்ற உணர்ச்சி வந்தா மெயில மூடிருவாங்க.

யாருக்கு அனுப்பறதுங்கறதுதான் பாதி வேலை. மெயில் அனுப்புன எச்சாருக்கு அனுப்பினா இன்னொரு ரெண்டு வரி வரும். ரூம்ல ஒக்காந்திருந்தவங்கள்ல வயசுல சின்னவங்க யாரு, நீ பேசும்போது தலையாட்டுனது யாரு, அந்த அசோசியேட்டுக்கு அனுப்பு, எச்சாருக்கு காப்பி போடு, மறைச்சுப் பண்ண மாதிரி இருக்கக் கூடாது. அவங்க நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடி உன் எடத்துல இருந்தவங்க, சொல்லணும்னு மனசு இருக்கும். பார்ட்னர விடு. மெயில் வந்த ஒரு வாரத்துக்குள்ள அனுப்பு, ரெண்டு வாரம் தாண்டுனா யாருக்கும் ஞாபகம் இருக்காது, குறிப்பு எழுதின பேப்பரையும் கிழிச்சிருவாங்க. டிசம்பர் நடுவுலேருந்து ஜனவரி மொத வாரம் வரைக்கும் அனுப்பவே அனுப்பாத, டர்பன்ல அப்ப ஆஃபீஸ்ல ஆளே கெடையாது, எல்லாரும் பீச்ல. பதில் வரலன்னா பத்து நாள் கழிச்சு ஒரே ஒரு தடவ ஞாபகப்படுத்து, அப்புறம் விட்ரு.

ஃபோன்ல கூப்பிட்டாங்கன்னா அது பெரிய விஷயம், எழுத மாட்டாததெல்லாம் ஃபோன்ல வரும். பேப்பர் பேனா எடுத்துக்கோ. ரெக்கார்ட் பண்ணலாமான்னு நீ யோசிப்ப, நீயே பேசற கால நீயே ரெக்கார்ட் பண்றதுக்கு ஒட்டுக்கேக்கறதப் பத்தின நம்ம ரிகா சட்டத்துல தடை இல்ல, ஆனா வேணாம், அந்த நெனப்பு இருந்தாலே உன் குரல் மாறிரும். அவங்க சொல்றது தப்புன்னு தெரிஞ்சாலும் மறுத்துப் பேசாத. "இல்ல மேம், நான் அத சொன்னேனே"ன்னு ஒரு வார்த்த வந்துச்சுன்னா அதோட அந்தப் பக்கம் கதவு சாத்திரும், "ஆமா ஆமா, நல்லாத்தான் பண்ண, போட்டி அதிகம்"னு முடிச்சிருவாங்க. நீ கேக்க வேண்டியது ஒண்ணுதான், எந்தக் கேள்வியில உங்களுக்கு அப்படித் தோணுச்சு? அப்புறம் வாய மூடிக்கிட்டு இரு. நாலஞ்சு செகண்ட் அமைதியா இருந்தா அவங்களே நெரப்புவாங்க, உண்மையான பதில் அதுலதான் வரும்.

இனி வர்ற பதில எப்படிப் படிக்கறது. "இந்த வருஷம் ரொம்ப ஸ்ட்ராங்கான அப்ளிகண்ட்ஸ்"னு சொன்னா அதுல உனக்கு ஒண்ணும் இல்ல, தூக்கிப் போடு. "ஃபிட் சரியா இல்ல"ன்னா உஷாரு, அது வெறும் சாக்காவும் இருக்கலாம், எழுத முடியாத காரணமாவும் இருக்கலாம், நீ மாத்திக்க வேண்டிய எதுவாவும் இருக்கறது ரொம்பக் கம்மி. "கமர்ஷியல் அவேர்னஸ் பத்தல"ன்னு சொன்னாங்கன்னா அது தங்கம், ஏன்னா அது சரி பண்ணக்கூடியது. அதுக்கு அர்த்தம், நாங்க எதுல சம்பாதிக்கறோம்னு உனக்குத் தெரியலங்கறது. டர்பன் ஒரு துறைமுக ஊரு. உம்ஷ்லாங்கா, லா லூசியா ரிட்ஜ் பக்கம் கப்பல் கேஸ் பாக்கற ஃபெர்ம்ல போயி ஒக்காந்துக்கிட்டு எனக்கு மனித உரிமைச் சட்டம்தான் உசுருன்னு சொன்னா அவங்க பாவம் என்ன பண்ணுவாங்க. 1983ல வந்த அட்மிரால்டி சட்டத்துல ஒரு விசேஷம் இருக்கு, கடன் வெச்ச கப்பல் வராட்டியும் அதே முதலாளி கட்டுப்பாட்டுல இருக்கற வேற கப்பல் இங்க வந்தா அதப் புடிச்சு வெக்கலாம், அதுக்குன்னே உலகம் பூரா இருந்து நம்ம ஊருக்கு வேலை வருது. இத ஒரு சாயந்தரம் படிச்சிட்டுப் போனாலே போதும். இன்ஷூரன்ஸ் பாக்கற ஃபெர்ம்னா 2021 ஜூலைல இங்க கடையெல்லாம் எரிஞ்சப்போ கலவர நஷ்டத்துக்கு கவர் குடுக்கறது அரசோட இன்ஷூரன்ஸ் கம்பெனி சாஸ்ரியா மட்டும்தாங்கறது தெரிஞ்சிருக்கணும், 2022 ஏப்ரல் வெள்ளத்துல யாரு யாரு மேல கேஸ் போட்டிருப்பாங்கன்னு யோசிச்சிட்டுப் போகணும். நாமெல்லாம் அத வீட்டு வாசல்ல நின்னு பாத்தவங்க, ஆனா அது சட்டம்னு தோணறதில்ல.

என் கதை ஒண்ணு சொல்றேன், ரெண்டு பாதி அதுல. 1996ல நான் ஆர்டிகிள்ஸ் தேடினேன். ஒரு எடத்துல வேணாம்னுட்டாங்க, பேரு வேணாம். நடுங்கிக்கிட்டே ஃபோன் பண்ணேன், ஃபோன எடுத்தவரு நல்ல மனுஷன், யோசிச்சு யோசிச்சு, "உங்க குரல் ரொம்ப மெதுவா இருந்துச்சு"ன்னாரு. நான் அதப் புடிச்சுக்கிட்டேன். ஆறு மாசம் கண்ணாடி முன்னாடி சத்தமா பேசிப் பழகுனேன், எங்க ஆயா, "என்னடி, கோர்ட்டு வீட்டுக்கே வந்துருச்சா"ன்னு கேட்டுச்சு. அடுத்த இன்டர்வியூல நான் பேசுனத இப்ப நெனச்சா கூச்சமா இருக்கு, சண்டைக்கு வந்தவ மாதிரி இருந்திருக்கும். அங்கயும் வேணாம்னாங்க. அங்கயும் கேட்டேன். அந்த அம்மா பட்டுன்னு சொன்னாங்க, "ஏன் எங்க ஃபெர்ம்க்கு வரணும்னு கேட்டோம், ஆர்டிகிள்ஸ் எங்க கெடைச்சாலும் சரின்னு சொன்னீங்க. அப்ப எங்கயாவது கெடைக்கும்னு நாங்க நெனச்சோம்". எனக்கு சுரீர்னுச்சு. மொத எடத்துலயும் அதே கேள்விக்கு அதே பதிலத்தான் சொல்லியிருந்தேன். அந்த மனுஷன் மனசு நோகக்கூடாதுன்னு குரல்னு ஒண்ணச் சொல்லிட்டாரு, நான் ஆறு மாசத்த அதுல விட்டேன்.

அதுலேருந்து நான் யாருக்கும் சொல்றது, ஒருத்தர் சொன்னா எழுதி வை, சம்பந்தமில்லாத ரெண்டாவது ஆளும் அதையே சொன்னா அப்ப மாத்து. ஒரு சின்ன நோட்டு போடு. எந்த ஃபெர்ம், எந்த கட்டத்துல நின்னுச்சு, என்ன கேள்வி கேட்டாங்க, நான் என்ன சொன்னேன், அவங்க என்ன சொன்னாங்க. இன்டர்வியூ முடிஞ்சு கார்லயோ பஸ்லயோ ஏறுன ஒடனே எழுதணும், வீட்டுக்கு வந்து எழுதுனா நீ சொன்னத இல்ல, நீ சொல்லியிருக்க வேண்டியதத்தான் எழுதுவ. மூணு இன்டர்வியூ ஆகியிருக்கு உனக்கு, மூணையும் ஞாபகத்துலேருந்து இப்பவே எழுதிப்பாரு, ஒரே கேள்வி மூணு தடவ வந்திருக்கும், பாத்துக்கோ.

மாத்த முடியாத பதிலும் வரும். மூணாவது வருஷம் ஒரு மாட்யூல் ஃபெயில் ஆகி திரும்ப எழுதுனேன்னா அது டிரான்ஸ்க்ரிப்ட்ல நிக்கும், அவங்க கேக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வரியில நீயே சொல்லிட்டு நகந்துரு. ஜூலு பத்தலன்னு சொன்னா அது நியாயமான குறை, க்ளையண்ட் முக்கால்வாசி பேரு ஜூலுல பேசற ஊர்ல க்ளையண்ட்கிட்ட நேரா பேசற வக்கீலுக்கு அது வேணும், கேம்பஸ்ல 2014லேருந்து கட்டாயம் படிக்க வெச்ச அந்த மாட்யூல பாஸ் பண்ணிட்டு மறந்துருப்ப, தூசி தட்டு.

ஆனா மாத்தவே கூடாத பதிலும் இருக்கு. கிளேர்வுட்ல பஸ் டிரைவர் மகளா பொறந்த நவநீதம் பிள்ளை, நவி பிள்ளைன்னு எல்லாருக்கும் தெரியும், நம்ம தமிழ்க் குடும்பம். படிச்சு முடிச்சப்போ அவங்கள எந்த ஃபெர்மும் வேலைக்கு எடுக்கல, வெள்ளைக்கார ஊழியர்கள் ஒரு கறுப்புப் பொண்ணுகிட்ட உத்தரவு வாங்கற மாதிரி வெக்க முடியாதுன்னு மூஞ்சிக்கு நேராவே காரணம் சொன்னாங்க. அத வெச்சுக்கிட்டு அவங்க என்னத்த திருத்திக்க முடியும்? 1967ல சொந்தமா ப்ராக்டிஸ் ஆரம்பிச்சாங்க, நட்டால்ல வெள்ளையர் இல்லாத ஒரு பொண்ணு அப்படித் தொடங்கினது அதான் மொதல் தடவ. 1995ல ஹைகோர்ட் ஜட்ஜ், அப்புறம் ருவாண்டா தீர்ப்பாயம், 2008லேருந்து 2014 வரைக்கும் ஐநா மனித உரிமை ஆணையர். இன்னிக்கு யாரும் அப்படி வாயத் தொறந்து சொல்லமாட்டாங்க, ஆனா கேள்வியா வரும். கல்யாணம் எப்போ, கொழந்த பெத்துக்கற யோசனை இருக்கா, வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போகணும்னு லீவு கேப்பியா. இப்படி எதாவது உன்ன அந்த மூணு எடத்துல கேட்டாங்களா? கேட்டிருந்தா தேதி, நேரம், யாரு கேட்டது, கூட யாரு இருந்தாங்கன்னு எழுதி வை, அப்பத்தான் மாமாவோட வழி.

மாமா சொல்ற பாயா (ஆட்டுக்கால் பாயா இல்ல, 2000ல வந்த தகவல் பெறும் சட்டம்) ரெண்டு விதமா வேலை செய்யும். நீ அப்ளை பண்ணது அரசாங்க எடம்னா, ஸ்டேட் அட்டர்னி ஆஃபீஸ், ப்ராசிக்யூட்டிங் அத்தாரிட்டியோட ஆஸ்பிரண்ட் ப்ராசிக்யூட்டர் மாதிரி, அங்க எதுக்குன்னு காரணம் சொல்லாமலே ஃபாரம் 2 போடலாம், 30 நாள்ல பதில் சொல்லணும், உன்னப் பத்தின தகவல்தான்னா விண்ணப்பக் கட்டணமும் கெடையாது. இன்டர்வியூ ஸ்கோர் ஷீட் அங்க ஃபைல்ல நிச்சயம் இருக்கும். மத்த அப்ளிகண்ட்ஸ் விவரத்த மட்டும் மறைச்சிருவாங்க. பிரைவேட் ஃபெர்ம்னா எந்த உரிமையக் காப்பாத்த இது வேணும்னு நீ காட்டணும், சும்மா தெரிஞ்சுக்கறதுக்குன்னா நடக்காது. அதுக்கு போப்பியா (தனிப்பட்ட தகவலப் பாதுகாக்கற சட்டம்) கொஞ்சம் சுலபம், உன்னப் பத்தி என்ன வெச்சிருக்கீங்கன்னு கேக்கலாம், ஒருத்தர் உன்னப் பத்தி எழுதுன அபிப்ராயமும் உன் தனிப்பட்ட தகவல்தான்னு அந்தச் சட்டம் சொல்லுது. ஆனா மறுக்கறதுக்கான காரணங்களும் அவங்ககிட்ட இருக்கு, ரகசியமா குடுத்த ரெஃபரன்ஸ்னு ஒண்ணச் சொல்வாங்க. நெஜமாவே பாரபட்சம்னா இந்த ஃபாரமெல்லாம் பக்கத்துல வெச்சிட்டு சிசிஎம்ஏக்குப் போகணும், நடந்து 6 மாசத்துக்குள்ள. இது வெத்துச் சட்டம் இல்ல, எச்ஐவி இருக்குன்னு கேபின் வேலை மறுத்த ஏர்லைன்ஸ் மேல ஹாஃப்மன்னு ஒருத்தர் போட்ட கேஸ்ல 2000ல கான்ஸ்டிடியூஷனல் கோர்ட் அவர வேலைக்கு எடுங்கன்னே உத்தரவு போட்டுச்சு.

மாமா பாஜாங்கற நிர்வாக நீதிச் சட்டத்தையும் தூக்கிட்டு வருவாரு, நிர்வாக முடிவுக்கு 90 நாளுக்குள்ள காரணம் கேக்கலாம்னு. அரசாங்க வேலைக்குக் கூட அது சாதாரணமா செல்லாது. க்காபான்னு ஒரு போலீஸ் அதிகாரி, அவரு பாத்துக்கிட்டிருந்த போஸ்டையே உசத்தி விளம்பரம் பண்ணாங்க, இன்டர்வியூ வரைக்கும் போனாரு, வேற ஆளப் போட்டாங்க. 2009ல கான்ஸ்டிடியூஷனல் கோர்ட், இது வேலை சம்பந்தமான தகராறு, நிர்வாகச் சட்டத்துல கொண்டு வராதீங்கன்னு சொல்லிருச்சு. வேடிக்க என்னன்னா ஜட்ஜ் வேலைக்கு அப்ளை பண்ணி கெடைக்கலன்னா நெலம நம்மள விட பரவால்ல. 2012ல கேப் பார் கவுன்சில் கேஸ்ல அப்பீல் கோர்ட், ஜுடிஷியல் சர்வீஸ் கமிஷன் காரணம் சொல்லியே ஆகணும், ஓட்டு பத்தலங்கறது ஒரு காரணமே இல்லன்னுச்சு, 2018ல ஹெலன் சுஸ்மன் ஃபவுண்டேஷன் கேஸ்ல மூடுன ரூம்ல அவங்க பேசிக்கிட்டதோட பதிவையும் குடுக்கணும்னு ஆச்சு. ஆர்டிகிள்ஸ்க்கு அலையற புள்ளைக்கு ரெண்டு வரி மெயில்தான்.

சட்டத்துல இடமிருக்குங்கறதாலயே அந்த ஃபாரத்த உம்ஷ்லாங்காவுக்கு அனுப்பாதன்னு ஏன் சொல்றேன்னா, அது போன ஒடனே உன் விஷயம் அந்த அசோசியேட் மேஜையிலேருந்து கம்ப்ளையன்ஸ் ஆள் மேஜைக்குப் போயிரும், அப்புறம் யாரும் உனக்கு ஃபோன் பண்ணமாட்டாங்க. ஸ்கோர் ஷீட்ல "கம்யூனிகேஷன் 3"ன்னு இருக்கும், அத வெச்சு நீ என்ன பண்ணுவ? அந்த 3 ஏன் 4 ஆகலங்கறது மனுஷன் வாயிலேருந்துதான் வரணும். டர்பன் லீகல் உலகம் சின்னது, நாலு தெரு. நல்ல விதத்துலயும் அது சின்னது, சொல்றேன் கேளு, எங்க பேனல்ல ஒரு வருஷம் எடுத்த ரெண்டு பேர்ல ஒரு பையன் நவம்பர்ல ஜோபர்க் பெரிய ஃபெர்ம்க்குப் போறேன்னுட்டான். யாரக் கூப்பிடறதுன்னு பேசறப்போ ஷீட்ட யாரும் தேடல, "அந்தப் பொண்ணு, டெஸ்ட்ல எங்க தப்புன்னு கேட்டு மெயில் போட்டாளே"ன்னு ஒருத்தர் சொன்னாரு. ஜனவரில அவ வந்துட்டா. எல்லாருக்கும் இப்படி நடக்கும்னு சொல்லல, ஆனா அம்மா பயப்படற மாதிரி கேட்டதால பேரு கெட்ட ஒருத்தரையும் நான் பாத்ததில்ல, கேட்ட விதத்துல கெட்டவங்களப் பாத்திருக்கேன், ராத்திரி 11 மணிக்கு நாலு பக்கம் எழுதி பார்ட்னர்கள் எல்லாருக்கும் அனுப்புன ஒருத்தன் இருக்கான்.

அடுத்த வருஷம் அதே ஃபெர்ம்க்குத் திரும்ப அப்ளை பண்ணு, கூச்சப்படாத. கவரிங் லெட்டர்ல ஒரே வரி, போன தடவ நீங்க சொன்னது இது, அதுக்கு நான் பண்ணது இதுன்னு. அந்த ஒரு வரிய எழுத முடியற மாதிரி ஏதாவது நெஜமா பண்ணியிருக்கணும். அதுவரைக்கும் சும்மா இருக்காத, ஸ்கூல் ஃபார் லீகல் ப்ராக்டிஸ் ஆறு மாசம் முழுநேரமா படிச்சா ஆர்டிகிள்ஸ் ரெண்டு வருஷம் ஒரு வருஷமா கொறையும், சின்ன ஃபெர்ம்காரங்களுக்கு அப்படி வர்ற ஆளப் புடிக்கும், ஏற்கனவே கொஞ்சம் தெரிஞ்சு வர்றாங்கன்னு. லீகல் எய்டும் ஆர்டிகிள்ஸ்க்கு ஆள் எடுக்கறாங்க, சம்பளத்த விட கோர்ட்ல நிக்கற வாய்ப்பு அங்க சீக்கிரம் வரும்.

உனக்கு மெயில் வந்து எத்தன நாள் ஆச்சுன்னு நீ எழுதல. ரெண்டு வாரம் ஆகலன்னா நாளைக்கு காலையில ஒம்போது மணிக்கு அந்த அசோசியேட்டுக்கு அனுப்பிரு, அனுப்பறதுக்கு முன்னாடி வேணும்னா எனக்கு ஒரு தடவ காட்டு. லைசன்ஸ் இருக்கா இல்லயான்னும் நீ சொல்லல, சொல்லலன்னாலே இல்லன்னுதான் நான் எடுத்துக்கறேன். மாமாகிட்ட சொல்லு, ஃபாரம் இருக்கட்டும் மாமா, ஞாயித்துக்கெழம கார குடுங்க, பேரலல் பார்க்கிங் பழகணும்னு.